காற்று வடிகட்டி: கழுவுவதா, மாற்றுவதா?

தோட்டப்புறக் குடும்பங்களுக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருள் அன்று. தந்தை வேலைக்காட்டுக்குப் போவதும், மகன் தொழிற்சாலைக்குப் போவதும், தாய் கிளினிக்குக்குப் போய் வருவதும் அந்த ஒரு கப்சாயில்தான். வண்டி ஒரு நாள் படுத்துவிட்டால் அன்றைய சம்பளமும் போய்விடும். ஆகவே, அந்த வண்டியின் மூக்கைப் போன்ற ஒரு சிறு உறுப்பைப் பற்றி இன்று பேசுவோம். அதுதான் காற்று வடிகட்டி. பட்டறையில் 'ஏர் ஃபில்டர்' என்பார்கள்.

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று தேவை. அவ்வளவு காற்றும் இந்த வடிகட்டி வழியாகத்தான் இயந்திரத்துக்குள் போகிறது.

பத்து காவானை எண்ணிப் பாருங்கள். கரும்பும், பின்னர் ரப்பரும் செம்பனையும் விளைந்த மண் அது. 2014 மார்ச் 1ஆம் தேதி பினாங்கின் இரண்டாவது பாலம் அங்கே திறக்கப்பட்டது. இன்று தொழிற்பேட்டை பரந்து கிடக்கிறது. ஹோண்டா மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் அங்கேதான் இருக்கிறது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் மண் லோரிக்குப் பின்னால் போகிறவருக்கும், செம்பனைக் காட்டின் மண் பாதையில் போகிறவருக்கும் தூசி ஒன்றுதான். அந்தத் தூசியில் உள்ள மணல் துகள் இரும்பையும் தேய்த்துவிடும். அது உள்ளே புகுந்தால் பிஸ்டன் வளையமும் சிலிண்டரும் தேயும், எண்ணெய் குறையும், நீலப் புகை வரும். பிறகு இயந்திரத்தைப் பிரித்துத்தான் சரி செய்ய வேண்டும்.

வடிகட்டியில் மூன்று வகை உண்டு. முதலாவது ஸ்பாஞ்சு, பழைய கப்சாய்கள் பலவற்றில் இருப்பது. கழுவி, எண்ணெய் தடவி, மீண்டும் போடலாம். இரண்டாவது காகிதம். இக்காலத்து வண்டிகள் பலவற்றில் எண்ணெய் ஊறிய காகிதமே வருகிறது. இதைக் கழுவக் கூடாது. காற்றடித்து ஊதவும் கூடாது. அழுக்கானால் எறிந்துவிட்டுப் புதியது போட வேண்டும். மூன்றாவது பருத்தித் துணியைக் கம்பி வலைக்குள் மடித்துச் செய்தது. கழுவிக் கழுவிப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம் என்று விற்கப்படுகிறது. விலை அதிகம்.

"ஒரு முறை வாங்கினால் போதுமே, அதுதானே மிச்சம்?" என்று கேட்கத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பருத்தி வடிகட்டியின் விலைக்கு எட்டுக் காகித வடிகட்டிகள் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 12,000 கிலோமீட்டர். ஆண்டுக்கு ஒரு காகிதம் மாற்றினால், போட்ட பணம் திரும்ப எட்டு ஆண்டுகள் ஆகும். தூசிப் பாதையில் 6,000 கிலோமீட்டருக்கு ஒன்று மாற்றினாலும் நான்கு ஆண்டுகள் ஆகும். கழுவும் மருந்தும் தனி எண்ணெயும் வாங்கும் செலவு வேறு. வாங்குமுன் உங்கள் கடை விலையை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

பணத்தைவிட முக்கியமானது உழைப்பு. கழுவும் வடிகட்டியை யாராவது தவறாமல் கழுவ வேண்டும். எண்ணெய் வற்றினால் நுண்தூசி தப்பி உள்ளே போகும். எண்ணெய் மிகுந்தால் காற்று தடைப்படும். ஈரத்தோடு மாட்டினாலும் கெடுதல்தான்.

ஸ்பாஞ்சைக் கழுவும் முறை இது. சவர்க்கார நீரில் அமுக்கி அமுக்கிக் கழுவுங்கள்; துணியைப் போல் முறுக்கிப் பிழிந்தால் கிழியும். நிழலில் நன்றாகக் காய வையுங்கள். ஸ்பாஞ்சு வடிகட்டிக்குரிய எண்ணெயையோ, கையேடு சொல்லும் கியர் எண்ணெயையோ தடவி, மிகுதியை அமுக்கி எடுத்துவிடுங்கள். தொட்டால் உதிரும் ஸ்பாஞ்சை எறிந்துவிடுங்கள். பெட்ரோலில் ஒருபோதும் கழுவாதீர்கள். பெட்ரோல் ஆவி தரையோடு பரவி, தள்ளியிருக்கும் அடுப்பிலும் பற்றிக்கொள்ளும். லயத்து வீட்டில் ஒரு தீப்பொறி போதும், வரிசையே எரிந்துவிடும்.

ஆகவே, இப்படி முடிவு செய்யலாம். வண்டியோடு ஸ்பாஞ்சு வந்திருந்தால் அதையே பேணுங்கள். காகிதம் வந்திருந்தால், அந்த வண்டிக்கே உரிய காகிதத்தைக் காலத்தில் மாற்றுங்கள். பருத்தி வகை, மாதாமாதம் திறந்து பார்த்துப் பேணும் பொறுமை உள்ளவருக்கே ஏற்றது. எதுவானாலும் ஓரம் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். விசை கூடும் என்று நம்பி வடிகட்டியே இல்லாமல் ஓட்டும் இளைஞர்களைத் தடுத்து நிறுத்துங்கள்.

வடிகட்டி அடைத்துக்கொண்டதற்கு அடையாளமும் உண்டு. வண்டி மேட்டில் திணறும். கார்புரேட்டர் வண்டியானால் பெட்ரோல் அதிகம் குடிக்கும், பிளக் கரி பிடிக்கும், கரும்புகை வரும். ஆனால் கிழிந்த வடிகட்டி எந்த அடையாளமும் காட்டாது. வண்டி நன்றாகவே ஓடும். உள்ளே இயந்திரம் தேய்ந்துகொண்டிருக்கும். அதனால் எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும், "ஏர் ஃபில்டரையும் திறந்து காட்டுங்கள், அண்ணே" என்று பட்டறைக்காரரிடம் கேளுங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தால், வண்டியும் நீடிக்கும். பிள்ளையும் கணக்குப் பழகும்.