தரைக்குக் கீழே ஒரு குடித்தனம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

'பொறியியலும் வாழ்க்கையும்' என்று தலைப்புக் கொடுத்துவிட்டார்கள். வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிற வயசு எனக்கு இன்னும் வரவில்லை. அதனால் கனடாவில், பிராம்ப்டன் நகரில் உள்ள எங்கள் வீட்டுக்கு அடியில் அப்பா அம்மாவுக்காகத் திட்டம் போட்டிருக்கிற ஒரு சின்ன குடித்தனத்தைப் பற்றிச் சொல்கிறேன். சிவில் படித்தவன் வேறு எதைப் பேசுவான்!

நம்ம ஊர்க் கொத்தனாரிடம் 'பேஸ்மட்டம்' என்றால் தரைக்கு மேலே எழுப்புகிற பீடத்தைக் காட்டுவார். அங்கே பேஸ்மென்ட் என்பது தரைக்குக் கீழே. குளிர்காலத்தில் மண்ணில் உள்ள தண்ணீர் உறைந்து மண் உப்பும். மேலே நிற்கிற சுவரையே தூக்கிவிடும். அதனால் தெற்கு ஒன்டாரியோவில் அஸ்திவாரத்தைச் சுமார் 4 அடிக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். அவ்வளவு தோண்டியவன் இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஒரு தளமே கிடைத்துவிடுகிறது.

பெற்றோரை வரவழைக்க 2011-இல் 'சூப்பர் விசா' என்று ஒன்று வந்தது. 2022 ஜூலை முதல் அதில் ஒரே தடவையில் 5 வருஷம் வரை தங்கலாம். 5 வருஷம் என்றால் விருந்தாளி இல்லை, குடித்தனம்தான். அதனால் பென்சிலை எடுப்பதற்கு முன்னால் அவர்களிடமே கேட்டேன்.

அப்பா உடனே சரி என்றார். "நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டா எங்களுக்குக் கேக்கக் கூடாது. நான் ராத்திரி இருமினா உங்களுக்குக் கேக்கக் கூடாது. அவ்வளவுதான்பா." அம்மா கேட்டது வேறு. "வாசல் எங்கடா இருக்கும்? யாராவது வந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

அப்பா கேட்டதற்குப் பதில் சுலபம். கூரையின் மரச் சட்டங்களுக்கு நடுவே கல்கம்பளி அடைத்து, அதிர்வு இறங்காத உலோகப் பட்டையில் ஜிப்சம் பலகை மாட்டினால் சத்தம் பெருமளவு அடங்கும். அதே கூரை தீயையும் கொஞ்ச நேரம் தடுக்கும். அம்மாவின் கேள்விக்கு எந்தக் கோட் புத்தகத்திலும் விடை இல்லை. பக்கவாட்டுக் கதவைத் தனி வாசலாக்கி, சமையல் மேடையை அந்தப் பக்கத்துச் சுவரில் வைத்து, ஜன்னலைத் தெருவை நோக்கிப் பெரிதாக்கினேன். வருகிறவர்கள் முகம் தெரியாது, கால் தெரியும். "கால் தெரிஞ்சா ஆளைச் சொல்லிடுவேன்" என்றாள் அம்மா.

அந்த ஜன்னல் அழகுக்கு மட்டும் இல்லை. வெளியே போக நேரடிக் கதவு இல்லாத கீழ்த்தளத்தில், தீப்பிடித்தால் வெளியேற ஒரு ஜன்னல் வேண்டும்: திறக்கிற இடம் 0.35 சதுர மீட்டர், எந்தப் பக்கமும் 380 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, வெளியே தோண்டிய குழியில் 550 மில்லிமீட்டர் இடைவெளி. 25 வயசுப் பையன் அதில் ஏறிக் குதிப்பான். 70 வயசு முழங்கால் குதிக்காது. ஆகவே எனக்கு ஜன்னலும் வேண்டும், கதவும் வேண்டும். புகை எச்சரிக்கைக் கருவிகளை மேலும் கீழும் இணைத்திருக்கிறேன். ஓரிடத்தில் புகைந்தால் எல்லா இடத்திலும் அலறும். கூரை உயரம் 1.95 மீட்டர் இருந்தால் அனுமதி உண்டு. ஃபேன் மாட்டத்தான் வழியில்லை!

தண்ணீர்தான் பெரிய எதிரி. 2013 ஜூலை 8-ஆம் தேதி டொராண்டோ விமான நிலையத்தில் ஒரே நாளில் 126 மில்லிமீட்டர் மழை. 2024 ஜூலை 16-இல் ஏறக்குறைய 98. நம்ம சென்னைக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் அங்கே சாக்கடை நிரம்பினால் பேஸ்மென்ட் வழியாக வீட்டுக்குள் திரும்பி வரும். அதற்கு ஒரு தடுப்பு வால்வும், பேட்டரியோடு ஒரு பம்ப்பும் போட வேண்டும். புயல் அடிக்கும்போதுதான் கரண்டும் போகும். பேட்டரி இல்லாத பம்ப் வெறும் அலங்காரம். இன்னொன்று ரேடான். மண்ணிலிருந்து கசிகிற வாயு. நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகைபிடிப்பதற்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் அதுதான். குளிர்காலத்தில் 3 மாதம் கருவி வைத்து அளந்தேன். கன மீட்டருக்கு 200 பெக்கரல் என்பது கனடா அரசின் வரம்பு. எங்கள் வீட்டில் அதற்குக் கீழேதான் இருந்தது.

பர்மிட் இல்லாமல் கட்டித் தருகிறேன் என்று ஒருவர் பாதி விலை சொன்னார். வாடகைக்காரருக்கே அப்படிக் கட்டக் கூடாது. பெற்றோரைப் படுக்க வைக்கிற இடத்தில் கட்டலாமா?

எனக்குள்ள கவலை படிக்கட்டு. மொத்தம் 13 படி. இன்றைக்கு அப்பா இறங்குவார், ஏறுவார். 5 வருஷம் கழித்து? அதனால் மேலே, தரைத்தளத்தில் சாப்பாட்டு அறைக்குப் பக்கத்தில் இப்போதே ஒரு குளியலறைக்குக் குழாய் போட்டு மூடி வைக்கிறோம். படி ஏற முடியாத நாள் வந்தால் அவர்கள் மேலே வருவார்கள், நானும் என் மனைவியும் கீழே போவோம். இரண்டு குளியலறையிலும் சுவருக்குள் ப்ளைவுட் வைக்கிறோம்; கைப்பிடி மாட்ட அப்போது சுவரை உடைக்க வேண்டியதில்லை. இந்த யோசனை என் மனைவியுடையது. அவள் படித்தது எலக்ட்ரிகல்!

பனி உருகி ஏப்ரலில் வேலை ஆரம்பம். வெட் கிரைண்டருக்குத் தனி சர்க்யூட் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அங்கே 120 வோல்ட், நம்ம கிரைண்டர் 230. வரைபடத்தின் நகல் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் பாருங்கள். குறை இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.