வார இறுதி வேலைகளும் பிள்ளை வீட்டு நாய்களும்: விழாமல் நடப்போம்

(மூத்தோருக்கான உடல்நல உரையின் எழுத்து வடிவம்)



வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வார இறுதியும் ஓய்வுதான் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அமர்ந்திருக்கும் உங்களுக்கு உண்மை தெரியும். சனிக்கிழமை காலை சந்தை, பிறகு மளிகைக் கடை, தைக்கக் கொடுத்த துணி, கோயிலுக்குப் பூ, பேரப்பிள்ளைக்குப் பிடித்த பலகாரம் என்று பட்டியல் நீளும். இப்போது அதில் ஒரு புதிய வேலையும் சேர்ந்திருக்கிறது. "அம்மா, நாங்கள் இரண்டு நாள் வெளியூர் போகிறோம், நாய்களைக் கொஞ்சம் நடக்க வைக்க முடியுமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

இந்த வேலைகளை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. வெளியே போவதும், நடப்பதும், நம்மால் ஒருவருக்கு உதவ முடிகிறது என்ற நிறைவும் உடலுக்கும் மனத்துக்கும் நல்லவை. அவற்றை விழாமல் எப்படிச் செய்வது என்பதே இன்றைய பேச்சு. நாய்களோடு பழகாதவர்களும், நாயைத் தொடாத வழக்கம் உடையவர்களும் உங்களில் இருப்பீர்கள். பேச்சின் பெரும்பகுதி உங்களுக்கும் பொருந்தும்.

இதுவும் உடற்பயிற்சியா?

ஆம். மூத்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலசைவில் ஈடுபடுவது நல்லது. மிதமானது என்பதை அறிய எளிய வழி உண்டு. நடக்கும்போது பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு சற்று வேகமாக இருக்க வேண்டும்.

ஓர் அம்மாவை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். வயது 70. தோ பாயோவில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். மகள் சிராங்கூன் கார்டன்ஸில் தரைவீட்டில் வசிக்கிறார், வீட்டில் இரண்டு இளம் நாய்கள். சனிக்கிழமை காலை சந்தைக்குப் போய்வர 40 நிமிட நடை. சனி மாலை, ஞாயிறு காலை, ஞாயிறு மாலை என மூன்று முறை நாய்களோடு அரை மணி நேரம். ஞாயிறு நண்பகலுக்கு முன் இன்னும் 20 நிமிடம் கடைத்தெரு. கூட்டினால் 150 நிமிடம் வந்துவிடுகிறது.

கணக்கு சரிதான். ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை தொலைக்காட்சி முன் உட்கார்ந்துவிட்டு, இரண்டே நாளில் எல்லாவற்றையும் செய்தால் முழங்காலும் இடுப்பும் தாங்கா. களைத்த கால்கள்தான் தடுக்கி விழும். மற்ற நாள்களிலும் 20, 30 நிமிடம் நடந்து வந்தால் வார இறுதி ஒரு சுமையாக இராது.

சந்தைக்குப் போகும்போது

முதலில் காலணி. ஈரச்சந்தையின் தரை பெயருக்கேற்ப ஈரமாகத்தான் இருக்கும். தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டாம். குதிகாலைப் பிடித்து நிற்கும், அடிப்பகுதியில் பிடிப்புள்ள காலணியை அணியுங்கள்.

அடுத்து சுமை. ஒரே கையில் எல்லாப் பைகளையும் தூக்கினால் உடல் ஒரு பக்கம் சாயும். எடையை இரண்டு கைகளுக்கும் பிரியுங்கள். சக்கரம் வைத்த வண்டி இன்னும் நல்லது. அதைப் பின்னால் இழுத்துக்கொண்டு தோளைத் திருப்புவதைவிட, முன்னால் தள்ளிச் செல்லும் வகை உடலுக்கு ஏற்றது. வண்டியோடு மின்படிக்கட்டில் ஏறாதீர்கள், மின்தூக்கிக்குக் காத்திருங்கள். அரிசி, எண்ணெய், சலவைத்தூள் போன்ற கனமான பொருள்களை வீட்டுக்கே கொண்டுவந்து தரச் சொல்லலாம். காய்கறியும் மீனும் நீங்களே பார்த்து வாங்குங்கள், அதில்தான் மகிழ்ச்சியும் இருக்கிறது.

சாலையைக் கடக்கும்போது பச்சை விளக்கு அணைந்துவிடுமோ என்று ஓடாதீர்கள். பல சந்திப்புகளில், பொத்தானுக்கு மேலே உள்ள கருவியில் உங்கள் மூத்தோர் சலுகை அட்டையைத் தட்டினால் கூடுதல் நேரம் கிடைக்கும். சாலையின் அகலத்தைப் பொறுத்து அது 3 முதல் 13 விநாடி வரை இருக்கும். உங்களுக்காகச் செய்யப்பட்ட வசதி அது. பயன்படுத்தக் கூச்சம் வேண்டாம்.

வெளியே போகும் நாளில் கழிவறை தேட வேண்டியிருக்கும் என்று சிலர் சிறுநீர் அதிகம் போகச் செய்யும் மாத்திரையைத் தாங்களே நிறுத்திவிடுகிறார்கள். சிலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். இரண்டும் ஆபத்து. மாத்திரையை எந்த நேரத்தில் எடுத்தால் வெளியே போக வசதியாக இருக்கும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் கிளம்பாதீர்கள். பையில் நான்கு மிட்டாய் இருக்கட்டும். கை நடுங்கி, வேர்த்து, தலை கிறுகிறுத்தால் உடனே உட்கார்ந்து அவற்றைச் சாப்பிட வேண்டும்.

சந்தை முடிந்து உணவங்காடியில் ஒரு கோப்பி குடிப்பது நம் வழக்கம். தாராளமாகக் குடியுங்கள். 'கோப்பி ஓ கோசோங்' அல்லது சீனி குறைத்து 'சியூ தை' என்று சொல்லிக் கேளுங்கள். புட்டி, டின் பானம் வாங்கினால் அதன்மேல் உள்ள நியூட்ரி-கிரேட் எழுத்தைப் பாருங்கள். ஏ, பி நல்லது. டி என்றால் சீனியோ கொழுப்போ அதிகம்.

நாயின் பலமும் நம் பலமும்

வளர்ந்த லாப்ரடார் அல்லது கோல்டன் ரிட்ரீவர் நாய் ஒன்று 25 முதல் 35 கிலோ வரை எடை இருக்கும். ஒரு மூட்டை அரிசி அசையாமல் கிடக்கும். நாயோ பூனையைப் பார்த்தால் பாயும், உடும்பைப் பார்த்தால் துரத்தும், எதிரே இன்னொரு நாய் வந்தால் திரும்பி நம் காலைச் சுற்றும். அது உங்களைக் கீழே தள்ள நினைப்பதில்லை. அதற்கு மகிழ்ச்சி, அவ்வளவுதான். ஆனால் அந்த ஓர் இழுப்பு போதும்.

இது வீண் பயமன்று. அமெரிக்காவில், 65 வயதுக்கு மேற்பட்டோர் நாயைக் கயிற்றில் பிடித்து நடக்கும்போது எலும்பு முறிந்து அவசர சிகிச்சைக்கு வருவது 2004க்கும் 2017க்கும் இடையே இரு மடங்குக்கு மேல் கூடியதாக ஆய்வு ஒன்று கண்டது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதிகம் முறிந்தது இடுப்பெலும்பு. இடுப்பெலும்பு முறிந்தால் அறுவை சிகிச்சை, பல மாதப் பயிற்சி என்று நாள் போகும். பலர் பழையபடி தனியாக நடமாடும் நிலைக்குத் திரும்புவதில்லை.

ஆகவே, நாயை அழைத்துப் போகும் முன் இவற்றை நினைவில் வையுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு நாய். இரண்டு நாய்கள் இரண்டு பக்கம் இழுத்தால் இளைஞரே தடுமாறுவார். முதலில் ஒன்று, வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்து உட்கார்ந்த பிறகு மற்றொன்று.

கயிற்றை மணிக்கட்டிலோ விரல்களிலோ சுற்றிக்கொள்ளாதீர்கள். சுற்றினால், விட நினைத்தாலும் விட முடியாது. உள்ளங்கையில் பிடித்து, மற்றக் கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்தினால் நீண்டுகொண்டே போகும் கயிறு வேண்டாம். ஒன்றரை மீட்டர் அளவுள்ள சாதாரணக் கயிறு போதும். நாய் ஓடிப் பலம் சேர்க்க இடம் கொடுக்கக் கூடாது.

நாய் இழுத்தால் எதிர்த்து இழுக்காமல் நில்லுங்கள். கால்களைச் சற்று அகட்டி, முழங்காலை லேசாக மடக்கி, கையை உடலோடு ஒட்டி வையுங்கள். அப்படியும் கீழே சாய்கிறோம் என்று தெரிந்தால் கயிற்றை விட்டுவிடுங்கள். பொது இடத்தில் நாயைக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் உங்கள் இடுப்பெலும்பைக் கொடுத்து அதைக் காக்க வேண்டியதில்லை. இதற்காகத்தான் போக்குவரத்து மிகுந்த சாலையோரத்தைத் தவிர்த்து, பூங்கா அல்லது அமைதியான உட்பாதையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம்.

நாய் நடையையும் கடை வேலையையும் சேர்க்காதீர்கள். ஈரச்சந்தைக்குள்ளும் உணவங்காடிக்குள்ளும் வளர்ப்பு நாயைக் கொண்டுபோக முடியாது. வெளியே கட்டிவிட்டுப் போனால் மனம் முழுதும் நாய்மேல் இருக்கும். ஒரு கையில் ரொட்டிப் பை, மறுகையில் நாய், காதில் கைப்பேசி என்று நடப்பது விழுவதற்கு வழி. நடக்கும்போது கைப்பேசி ஒலித்தால், நின்றுதான் பேச வேண்டும்.

வெயில் ஏறும் முன் காலையிலோ, வெயில் தாழ்ந்த பின் மாலையிலோ போங்கள். தரையில் புறங்கையைச் சில விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் நாயின் பாதத்துக்கும் சுடும். மழை பெய்து பாதை வழுக்கினால் அன்று நடை வேண்டாம்.

நாய் கழித்ததை எடுக்க வேண்டியது நம் கடமை. இடுப்பை வளைத்துக் குனியாமல், ஒரு கம்பத்தையோ இருக்கையையோ பிடித்து முழங்காலை மடக்குங்கள். நீள்பிடியுள்ள அள்ளியை வாங்கித் தரச் சொன்னால் இன்னும் எளிது. மின்தூக்கியில் ஏற்கெனவே ஆள் இருந்தால் அடுத்ததற்குக் காத்திருங்கள். நாய்க்குப் பயப்படுபவர்களும் அதைத் தொடாதவர்களும் நம் அண்டைவீட்டார்தான். வீடு திரும்பியதும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். நாய் கடித்தாலோ ஆழமாகப் பிராண்டினாலோ ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நீரிழிவு உள்ளவர்கள் சிறு காயம்தானே என்று விடக் கூடாது.

கால்களுக்கு உரமேற்றுவோம்

வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்கும் பயிற்சி செய்யுங்கள். வீட்டிலேயே செய்யலாம். உறுதியான நாற்காலியிலிருந்து, முடிந்தால் கையை ஊன்றாமல், பத்து முறை எழுந்து உட்காருங்கள். சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு பத்து முறை குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். பிறகு ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை வைத்து, கோட்டின்மேல் நிற்பதுபோல் பத்து விநாடி நில்லுங்கள். தனியாகச் செய்யச் சலிப்பாக இருந்தால், உங்கள் வட்டாரத்தில் மூத்தோர் கூடும் நிலையத்துக்குப் போங்கள். கூட்டாகச் செய்தால் விட மனம் வராது.

விழுந்துவிட்டால்

பதறி எழாதீர்கள். மூச்சை நிதானப்படுத்தி, எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். இடுப்போ காலோ அசைக்க முடியாமல் வலித்தால் அப்படியே இருந்து உதவிக்குக் கூப்பிடுங்கள், 995ஐ அழைக்கச் சொல்லுங்கள். வலி இல்லையென்றால் பக்கவாட்டில் திரும்பி, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, உறுதியான எதையாவது பிடித்து மெல்ல எழுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் தலையில் அடிபட்டால், நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி மிக முக்கியமான ஒன்று. விழுந்ததை மறைக்காதீர்கள். பலர் மறைக்கிறார்கள். மகனுக்குத் தெரிந்தால் சந்தைக்குப் போக விடமாட்டான், மகள் இனி நாயையும் பேரனையும் நம்பி விடமாட்டாள் என்ற பயம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. வீட்டில் நாம் பயனற்றுப் போய்விடுவோமோ என்பதுதான் அதன் அடியில் இருப்பது. ஆனால் ஒரு முறை விழுந்தவர் மீண்டும் விழும் வாய்ப்பு அதிகம். காரணம் மாத்திரையாக இருக்கலாம், கண்புரையாக இருக்கலாம், காலணியாகக்கூட இருக்கலாம். பெரும்பாலும் சரிசெய்யக் கூடியவைதாம். சொன்னால்தானே சரிசெய்ய முடியும்? சொல்பவர்தான் நீண்ட நாள் தாமாகச் சந்தைக்குப் போய்வருவார்.

பிள்ளைகளாக வந்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். பெற்றோர் விழுந்ததைச் சொன்னால் முதலில் திட்டாதீர்கள், வீட்டில் அடைத்தும் வைக்காதீர்கள். நாயை ஒப்படைக்கும் முன் ஒரு நாள் சேர்ந்து நடந்து பாருங்கள். நாய் இழுக்கும் பழக்கமுள்ளது என்றால் அதைப் பழக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

மூத்தோரே, அடுத்த முறை பிள்ளைகள் கேட்கும்போது இப்படிச் சொல்லுங்கள்: "செய்கிறேன். ஆனால் ஒவ்வொன்றாகத்தான் கூட்டிப் போவேன். சின்னக் கயிறு வாங்கி வை. பெரியதை நடத்த வேறு ஆள் ஏற்பாடு செய். நான் வீட்டில் அதற்குச் சோறு வைக்கிறேன்." இது மறுப்பன்று. எது முடியும், எது முடியாது என்று தெரிந்து சொல்லும் பெரியவரின் பேச்சு. அப்படிப் பேச உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி இருப்பவர்கள் கேட்கலாம். எழுந்து நிற்க வேண்டாம், உட்கார்ந்தபடியே கேளுங்கள்.