பட்டாளத்துக்குப் போறோம், அதிகாரியாப் போறோமா?

(கர்னல் பென்னிகுவிக் பிறந்தநாளையொட்டி கம்பத்தில் நடந்த இளைஞரணிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தை பிறந்தா நம்ம பள்ளத்தாக்குல பென்னிகுவிக் படத்துக்கு மாலை போட்டுப் பொங்கல் வைக்கிறோம். அவர் பெயருக்கு முன்னால இருக்கிற 'கர்னல்' ஒரு ராணுவப் பதவி. இங்கிலாந்தின் அடிஸ்கோம்ப் ராணுவக் கல்லூரியில் பயிற்சி பெற்ற பொறியாளர் படை அதிகாரி அவர். அந்தப் படிப்புதான் 1895-ல் முல்லைப் பெரியாறு அணையா எழுந்து நின்னது. இன்னைக்கும் இங்க 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்தத் தண்ணியை நம்பி இருக்கு.

நம்ம பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போறது புதுசு இல்ல. ஆனா பெரும்பாலும் சிப்பாயாத்தான் போறாங்க. 2022-ல் வந்த அக்னிபாத் திட்டத்தில் சிப்பாய் வேலை நாலே வருஷம். அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்குத்தான் அதற்குப் பிறகும் பணி. மத்தவங்க வீட்டுக்குத் திரும்பணும். அதிகாரி தேர்வுக்கு அந்தத் திட்டம் கிடையாது. இந்த வித்தியாசம் நம்ம வீடுகளுக்குத் தெரியணும்.

அதிகாரி ஆகிற படிக்கட்டு மூணும் தமிழ்நாட்டிலேயே இருக்கு, கேளுங்க.

முதல் படி, உடுமலை பக்கம் அமராவதிநகர் சைனிக் பள்ளி. 1962-ல் தொடங்கினது. ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். பெண் பிள்ளைகளும் சேரலாம்.

இரண்டாவது, சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமி. எந்தப் பட்டப்படிப்பு முடித்தவரும் சி.டி.எஸ். தேர்வு எழுதலாம். இந்த அகாடமிக்குக் கணக்குத் தாள் கிடையாது. ஆங்கிலமும் பொது அறிவும்தான். என்.சி.சி. 'சி' சான்றிதழும் பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண்ணும் இருந்தா, எழுத்துத் தேர்வே இல்லாத தனி வழியும் உண்டு, நேரா எஸ்.எஸ்.பி. நேர்காணல். பயிற்சி 49 வாரம். அந்தக் காலத்திலேயே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. 1992-லிருந்து பெண்களும் அங்கே பயிற்சி பெறுறாங்க. அவங்களுக்கும் நிரந்தரப் பணி உண்டுன்னு 2020-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு.

மூன்றாவது, நீலகிரி வெலிங்டன் பணியாளர் கல்லூரி. பணியில் இருக்கிற அதிகாரிகள் தேர்வு எழுதி இங்கே வந்து மேற்படிப்பு படிக்கிறாங்க. அதற்குச் சென்னைப் பல்கலைக்கழகம் முதுகலைப் பட்டம் தருது. ராணுவத்தில் சேர்ந்தா படிப்பு நின்னு போயிடும்னு இனி யாரும் சொல்ல வேண்டாம்.

அப்போ நம்மைத் தடுக்கிறது எது? முதல்ல, தகவல் வந்து சேரல. அடுத்தது மொழி. என்.டி.ஏ., சி.டி.எஸ். வினாத்தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருது. மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வைத் தமிழில் எழுத முடியுது. காவலருக்குத் தமிழ் உண்டு, அதிகாரிக்குத் தமிழ் இல்லையா? இது என்ன நியாயம்?

நம் கோரிக்கை மூன்று. என்.டி.ஏ., சி.டி.எஸ். பொது அறிவுத் தாளைத் தமிழிலும் தர வேண்டும். தேனி மாவட்டத்தில் எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்கு அரசே இலவசப் பயிற்சி மையம் தொடங்க வேண்டும். இங்குள்ள எல்லா அரசுப் பள்ளி, கல்லூரிகளிலும் என்.சி.சி. வேண்டும்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. உங்க தெருவில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளையிடம், கடைசி வருஷக் கல்லூரி மாணவியிடம் இந்த வழிகளைச் சொல்லுங்க. கூடலூரிலிருந்து ஆண்டிபட்டி வரை இந்தப் பதிவு போய்ச் சேரட்டும்.

அந்தக் கர்னல் வெளியூர்க்காரர். அடுத்த கர்னல் நம்ம ஊர்ப் பிள்ளையா இருக்கட்டும்!