குழுவுணர்ச்சியும் நடுவுநிலையும்

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பர். தாயன்புக்கு இப்பழமொழி பொருந்தும். ஆனால், சில நாட்களுக்கு முன்னர் முகமே அறியாத ஒருவன், ஒரே குழுவிற் சேர்ந்தமையால் மட்டும் மற்றொருவனுக்குப் பொன் குஞ்சாகத் தோன்றுவானா? தோன்றுவான் என்பதற்கு 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடைபெற்ற ஒரு பரிசோதனை சான்றாகும்.

துருக்கியிற் பிறந்த உளவியலறிஞர் முசாபர் ஷெரிபும் அவருடைய துணைவரும், ஒக்லகோமா மாநிலத்துப் பூங்காவொன்றில் 22 சிறுவருக்குக் கோடைகாலப் பாசறை அமைத்தனர். சிறுவர் யாவரும் ஏறத்தாழப் பதினொரு வயதினர், ஒரே இனத்தவர், ஒரே சமயத்தவர், முன்பின் பழகாதவர். அவர்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு வாரமளவில் தனித்தனியே வைக்கப்பட்டனர். ஒரு குழு ‘கழுகுகள்’ என்றும், மற்றது ‘கிலுகிலுப்பைப் பாம்புகள்’ என்றும் தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டன.

பின்னர்ப் பரிசுக்காகப் போட்டிகள் தொடங்கின. கயிறிழுத்தல் வசைமொழியில் முடிந்தது. கொடிகள் எரிக்கப்பட்டன, குடில்கள் சூறையாடப்பட்டன. தம்மவரைத் துணிவுடையோர் என்றும், எதிர்க் குழுவினரை வஞ்சகர் என்றும் சிறுவர் மதிப்பிட்டனர்.

இவற்றினும் வியப்பானது விதை பொறுக்கும் போட்டி. சிதறிக் கிடந்த அவரை விதைகளைச் சிறுவர் பொறுக்கினர். ஒவ்வொருவனும் பொறுக்கியவை எனக் கூறி, விதைகளின் உருவம் திரையிற் சில கணம் காட்டப்பட்டது. எத்தனை என்று ஊகிக்க வேண்டும். தம் குழுவினன் பொறுக்கியவை மிகுதி, எதிரி பொறுக்கியவை குறைவு என்றே பெரும்பாலும் ஊகித்தனர். உண்மையில் ஒவ்வொரு தடவையும் காட்டப்பட்டவை அதே 35 விதைகளே. எவரும் பொய் கூறவில்லை. குழுப்பற்று கண்ணின் கணக்கையே திருத்திவிட்டது. விதையை எண்ணுவதிலேயே இவ்வாறாயின், குற்றத்தை நிறுப்பதில் எவ்வாறாகும்?

பகை தீர்ந்தது எவ்வாறு? ஒன்றாக உணவருந்தச் செய்தபோது உணவை வீசிச் சண்டையிட்டனர். ஆனால் பாசறைக்குத் தண்ணீர் தடைப்பட்டபோது இரு குழுவினரும் கூடித் தேடினர். லொறி நின்றுவிட்டபோது, முன்னர்ப் போட்டிக்குப் பயன்பட்ட அதே கயிற்றைக் கட்டி ஒன்றாக இழுத்தனர். வீடு திரும்புகையில் ஒரே பஸ்ஸில் செல்லவே விரும்பினர். விதைப் போட்டியில் வென்ற ஐந்து டொலரைப் ‘பாம்புகள்’ இரு குழுவினருக்கும் பானம் வாங்கச் செலவிட்டனர்.

இச்சூழ்நிலைகளைப் பெரியோரே வகுத்தனர். ஆதலால் இதனை மனித இயல்பின் முழுத் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. 1953இல் நியூ யோர்க் மாநிலத்தில் நடந்த முந்திய முயற்சியிற் சிறுவர் முதலில் ஒன்றாகப் பழகிய பின்னரே பிரிக்கப்பட்டனர். அங்கே பகை வளரவில்லை, பரிசோதனையே கைவிடப்பட்டது. முன்னரே வேரூன்றிய நட்பைப் பிரித்தல் எளிதன்று.

குழுவின்றி மனிதன் வாழ்தல் அரிது. மொழியும் பாசமும் அறமும் அவனுக்குக் குழுவிலிருந்தே கிடைக்கின்றன. ஆயினும் தீர்ப்புக் கூறுமுன், “இதே செயலை மற்றவர் செய்திருந்தால் என்ன சொல்வேன்?” என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்பாராயின், தராசு ஒரு பக்கம் சாயாது.