கள்ளிச் செடியில் செதில் பூச்சி

மொட்டை மாடியில் கள்ளி வளர்ப்பவர்கள் எங்கள் நர்சரிக்குத் தொட்டியோடு வந்து அடிக்கடி சொல்வது இதுதான்: "செடி மேல சுண்ணாம்பு தெளிச்ச மாதிரி இருக்கு, எவ்வளவு தண்ணி அடிச்சாலும் போகல."

அது செதில் பூச்சி. கள்ளியில் அதிகம் காண்பது, வட்டமாக, சாம்பல் கலந்த வெள்ளையில், சுமார் 2 மில்லிமீட்டர் அகல ஓடு கொண்ட வகை. ஓட்டுக்கு அடியில் இருப்பது பெண் பூச்சி. ஊசி போன்ற வாயைத் தண்டுக்குள் இறக்கிச் சாற்றை உறிஞ்சும். முதல் தோலை உரிக்கும்போதே அதற்குக் கால்கள் போய்விடும். பிறகு சாகும்வரை இடம் மாறாது. முட்டைகளும் அந்த ஓட்டுக்கு அடியில்தான். மேலே மருந்து அடித்தால் ஓடு தடுத்துவிடும். அதனால்தான் கடுமையான மருந்து வாங்கி ஊற்றியும் பலன் இல்லை என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள்.

ஆனால் முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு ஓடு கிடையாது, கால் உண்டு! ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில், தூசியைவிடக் கொஞ்சம் பெரிதாக, முள்ளுக்கு முள் நடந்துபோகும். ஓரிரு நாளில் இடம் பிடித்து உட்கார்ந்து மேலே ஓடு கட்டத் தொடங்கிவிடும். அந்த நடக்கிற காலம்தான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. நர்சரிக்கு வரும் பிள்ளைகளிடம் லென்ஸைக் கொடுத்தால் "ஐயா, நடக்குது, நடக்குது" என்று கத்துவார்கள். அதைக் கண்ணால் பார்த்தவருக்கு எப்போது மருந்து தெளிக்க வேண்டும் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நடக்கும் குஞ்சைக் காற்றும் தூக்கிப்போகும். சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சு போலப் படரும் கோச்சினீல் பூச்சியும் செதில் பூச்சிக்கு உறவுதான். நசுக்கினால் சிவப்புச் சாயம் வரும். அதன் குஞ்சுகளும் காற்றில்தான் பரவுகின்றன. தென்னிந்தியாவில் நிலங்களை அடைத்துக்கொண்டிருந்த சப்பாத்திக்கள்ளியை ஒழிக்க 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டது இந்த இனத்தில் ஒன்றைத்தான். விவசாயிக்கு நன்மை செய்த அதே பரவல்தான் உங்கள் மாடியில் ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்குப் போகிறது. ஆகவே பூச்சி கண்ட தொட்டியை முதலில் தள்ளி வையுங்கள்.

அடுத்து, பழைய டூத் பிரஷை சோப்புத் தண்ணீரில் நனைத்து, முள்ளின் போக்கிலேயே தேய்த்து ஓடுகளை எடுங்கள். இடுக்குகளில் இருப்பதற்குப் பஞ்சுக் குச்சியில் சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்டுத் தடவலாம். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய். சோப்பைக் கரைத்துக்கொண்டு எண்ணெயைச் சேருங்கள், இல்லையேல் மிதக்கும். வெயில் தாழ்ந்த பிறகுதான் தெளிக்க வேண்டும். நீலம் பூத்தாற்போல் மேல்பூச்சு உள்ள கள்ளிகளுக்கு எண்ணெய் வேண்டாம். அந்தப் பூச்சு அழிந்துவிடும். வாரம் ஒருமுறையாக நாலைந்து வாரம் விடாமல் தெளித்தால்தான், புதிதாகப் பொரிக்கும் குஞ்சுகளும் அகப்படும்.

ஒரு அம்மா இத்தனையும் செய்துவிட்டு, "ஓடு அப்படியே இருக்கு, மருந்து பலிக்கல" என்று கலங்கிப்போய் வந்தார். நகத்தால் ஒன்றைச் சுரண்டிப் பார்த்தேன். உமி மாதிரி காய்ந்து உதிர்ந்தது. செத்தபிறகும் ஓடு செடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். சுரண்டும்போது ஈரம் கசிந்தால் மட்டுமே உயிர் இருக்கிறது. அவர் முகம் மலர்ந்ததை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. புதிதாக வாங்கும் கள்ளியை மற்றச் செடிகளோடு உடனே சேர்க்காமல் சில வாரம் தனியே வைத்துக் கவனியுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே லென்ஸோடு மாடி ஏறுவீர்கள் என்று நம்புகிறேன்.