சிக்கரியைச் சொல்லி விற்கலாமே!



"வீடியோ கேம் கன்சோல்கள் சொல்லும் புள்ளிக் கணக்கு உண்மையா, உருட்டா?" என்பது தலைப்பு. உருட்டே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய நண்பர் கேட்டார்: "படம் அழகா இருக்கா, பிள்ளை சந்தோஷமா விளையாடுதா, அதோட விடுங்களேன். புள்ளியையா எண்ணிக்கிட்டு இருப்பாங்க?" எண்ணுவோம் ஐயா! புள்ளியை எண்ணாமல் மார்கழிக் கோலம் போட்ட தாய்மார் யாராவது இந்த அரங்கத்தில் இருக்கிறார்களா? (கைதட்டல்)

டி.வி. திரையும் ஒரு புள்ளிக் கோலம்தான். ஃபுல் எச்.டி. என்றால் குறுக்கே 1920 புள்ளி, மேலிருந்து கீழே 1080 வரிசை. பெருக்கினால் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளி. 4கே என்றால் அதைப்போல 4 மடங்கு. நொடிக்கு 30 தடவை, 60 தடவை இத்தனை புள்ளிக்கும் கன்சோல் நிறம் கண்டுபிடிக்கணும். மூச்சு முட்டுமா, முட்டாதா? அதனால கொஞ்சம் புள்ளியை ஒழுங்கா வரையும்; மிச்சத்தை ஊகத்தால் நிரப்பி, திரை அளவுக்கு இழுத்துவிடும். நம்ம மலைப் பஸ் ஏற்றத்துல கியரைக் குறைக்கிற மாதிரி, ஆட்டம் கனமாகும்போது புள்ளியைக் குறைச்சுக்கிற வித்தையும் உண்டு.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பார்கள். ஆட்டத்தை நிறுத்தி, ஒரு சாய்ந்த கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு படிக்கட்டாகத் தெரியும். அந்தப் படிகளை எண்ணினால் குட்டு வெளிப்பட்டுவிடும்! 2007-ல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்தது 'ஹேலோ 3'. எச்.டி. என்றால் குறைந்தது 720 வரிசை வேண்டும். ரசிகர்கள் உட்கார்ந்து எண்ணினார்கள். 9 வரிசை இருக்க வேண்டிய உயரத்தில் 8 படிதான் இருந்தது! அசல் அளவு 1152-க்கு 640. அதாவது 100 புள்ளிக்கு 80 புள்ளிதான். வெளிச்சத்தை நன்றாகக் காட்டுவதற்காக அப்படிச் செய்தோம் என்று ஆட்டத்தைச் செய்த பங்கி நிறுவனமே விளக்கம் தந்தது. விளக்கம் நியாயம்தான். ஆனால் யார் எண்ணிய பிறகு, நடுவர் அவர்களே?

2013-ல் பிளேஸ்டேஷன் 4-க்கு 'கில்ஸோன் ஷேடோ ஃபால்' வந்தது. 1080 என்றார்கள். பலர் சேர்ந்து ஆடும் பகுதியில் ஒவ்வொரு தடவையும் புதிதாக வரைந்தது 960-க்கு 1080 புள்ளிகள், சரிபாதி! மீதிப் பாதியை முந்தைய படங்களிலிருந்து கணித்து நிரப்பினார்கள். 2014-ல் கலிஃபோர்னியாவில் இதற்கு வழக்கே போட்டார் ஒரு வாடிக்கையாளர். 2020-ல் வந்த பிளேஸ்டேஷன் 5 பெட்டியிலே '8கே' என்று அச்சடித்தார்கள். 8கே-யில் ஓடிய ஆட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2024-ல் அந்த எழுத்து சத்தமில்லாமல் அட்டையிலிருந்து இறங்கிப்போனது.

எதிரணி அம்மையார் ஒரு நல்ல கேள்வி கேட்டார். "பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்த்தா வித்தியாசம் தெரியுமா?" பல நேரம் தெரியாதும்மா, ஒத்துக்கிறேன். ஊகித்து நிரப்புவதும் சாமானிய வித்தை அல்ல. ஆனால் கண்ணுக்குத் தெரியாத எண்ணை அட்டையில் மட்டும் எதுக்கு அத்தனை பெருசா அடிக்கணும்? எண்ணைக் காட்டித்தானே விற்கிறார்கள்? எண்ணைச் சொல்லி விற்றவனிடம் எண்ணிக் கேட்கக் கூடாதா? (கைதட்டல்)

2021-ல் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தபோது விலை 49,990 ரூபாய். காபித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவருக்கு அது எத்தனை நாள் கூலி என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அதோடு முடிந்ததா? "அப்பா, பெட்டியில 4கே போட்டிருக்கு, நம்ம பழைய டி.வி. பத்தாது" என்று பிள்ளை நிற்கும். அந்த ஒரு எழுத்தை நம்பித்தான் அப்பா தவணையில் புது டி.வி. வாங்குகிறார். தவணையில் ஊகம் கிடையாது, ஐயா! முழுப் பணமும் அசலாகத்தான் கட்டணும்!

நான் கேட்பது பெரிய நீதி இல்லை. இந்த ஊர் நீதிதான். பெரும்பாறையைச் சுற்றி எங்கே பார்த்தாலும் காபி. பக்கத்துத் தாண்டிக்குடியில் காபி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. காபியில் சிக்கரி கலப்பது குற்றமா? இல்லை. சிக்கரி கலந்தால்தான் திக்கா இருக்குன்னு கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் காபி எத்தனை சதம், சிக்கரி எத்தனை சதம் என்று பாக்கெட்டில் போட்டே ஆகவேண்டும். காபி 51 சதத்துக்குக் குறையவும் கூடாது என்பது நம் நாட்டு விதி.

கால் கிலோ காபித்தூளுக்கு இருக்கிற நேர்மை, அரை லட்ச ரூபாய்ப் பெட்டிக்கு வேண்டாமா? வரைந்தது இவ்வளவு, நிரப்பியது இவ்வளவு என்று அட்டையில் போடட்டும். பிடித்தால் வாங்கிக்கொள்கிறோம். சொல்லாமல் கலக்கிற வரைக்கும் அது உருட்டே, உருட்டே என்று கூறி, நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து அமர்கிறேன்.