தமஸ்: இருட்டு யாருக்கு, தாமசம் யாருக்கு?

(‘தமஸ்’ திரையிடலை ஒட்டி நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இரண்டு சாயங்காலமா உட்கார்ந்து ‘தமஸ்’ பார்த்து முடிச்சிருக்கோம். ஏறக்குறைய 5 மணி நேரம். முடிஞ்சதும் வெளியே டீக்கடையில் பேச்சு ஓடியது. ‘ஒரே இருட்டா இருக்குண்ணே’, ‘ரொம்ப இழுவை’, ‘அந்தப் பன்னியைக் கொல்றதையே இவ்வளவு நேரம் காட்டணுமா’ என்று மாணவத் தோழர்கள் சொன்னார்கள். இயக்கத் தோழர் ஒருவர், ‘இது மேல்சாதி மனிதாபிமானம், நமக்கு இதுல என்னா இருக்கு’ என்று கேட்டார். இரண்டு பேச்சும் வேறு வேறு மாதிரித் தெரிந்தாலும் இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் கிடக்கிறது. அந்த இடம் நத்து. அவனை விட்டுவிட்டு இந்தத் தொடரைப் பார்த்தால் மிஞ்சுவது இருட்டும் இழுவையும் மனிதாபிமானமும்தான்.

முதலில் கொஞ்சம் விவரம். பீஷ்ம சஹானி 1915இல் ராவல்பிண்டியில் பிறந்தவர். 1947 கலவரத்தைக் கண்ணால் பார்த்தவர். 1970இல் பிவண்டியில் கலவரம் நடந்தபோது அங்கே போய்ப் பார்க்கிறார். பழைய ராவல்பிண்டி நினைவுக்கு வருகிறது. 1974இல் ‘தமஸ்’ நாவல் இந்தியில் வருகிறது. கராச்சியில் பிறந்து, பிரிவினையில் குடும்பத்தோடு இந்தப் பக்கம் வந்த கோவிந்த் நிஹலானி அதைப் படமாக்குகிறார். 1988 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் தூர்தர்ஷன் அதைத் தொடராக ஒளிபரப்புகிறது. தேசிய ஒளிபரப்பு என்ற பெயரில் அதே இந்தித் தொடர்தான் தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. நம்ம சனங்களில் எத்தனை பேருக்கு அப்போது வசனம் புரிந்திருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தப் பன்றி. நத்து சமார் சாதிக்காரன். செத்த மாட்டின் தோலை உரிப்பது, பதனிடுவதுதான் அவன் தொழில். உயிரோடு இருக்கிற பன்றியைக் கொன்று அவனுக்குப் பழக்கமில்லை. முராத் அலி வருகிறான். கால்நடை டாக்டருக்குப் பன்றி வேண்டும், கொன்று வை என்கிறான். 5 ரூபாய் நோட்டு ஒன்றைத் திணிக்கிறான். ‘எனக்குத் தெரியாது’ என்று நத்து சொல்வதற்கு அங்கே மதிப்பில்லை. செத்ததைத் தொடுகிறவன் உயிரோடு இருப்பதையும் கொல்வான் என்று சாதி முடிவு செய்துவிட்டது. ஒரு தொழிலாளியின் தொழில்திறன் எது, எது அவன் தொழில் இல்லை என்ற வித்தியாசம்கூட அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ‘உங்க ஆளுங்க செய்யற வேலைதானே’ என்று நம்ம ஊரில் சொல்கிறார்களே, அதேதான்.

ராத்திரி முழுக்க அந்தக் கொட்டடியில் ஒரு விளக்கு, ஒரு பன்றி, ஒரு மனுசன். பன்றி மசியவில்லை. வியர்வை, சேறு, பயம். தோழர்களே, இழுவை என்கிறீர்களே, அந்த வேலைக்கு அவ்வளவு நேரம் ஆகும். உழைப்பை சினிமா எப்போதும் சுருக்கித்தான் காட்டும். நாலு வெட்டு, ஒரு பாட்டு, கூலி வாங்கிட்டான். நிஹலானி அப்படிச் சுருக்கவில்லை. மலக்குழியில் இறங்குகிறவருக்கோ, நாள் பூரா தோல் தொட்டியில் நிற்கிறவருக்கோ நேரம் எப்படிப் போகும் என்று கேளுங்கள். மெதுவாகத்தான் போகும். அந்த மெதுவைப் பார்வையாளன் மீதும் ஏற்றி வைக்கிறது இந்தக் காட்சி. நம் உடம்புக்கு அது சங்கடமாக இருக்கிறது. இருக்கட்டும்.

மறுநாள் அந்தப் பன்றியின் உடல் மசூதிப் படியில் கிடக்கிறது. ஊர் எரிகிறது. நத்துவுக்குப் புரிந்துவிடுகிறது. அவன் முராத் அலியைத் தேடுகிறான், முராத் அலி முகம் கொடுக்காமல் போகிறான். செய்யச் சொன்னவனுக்குத் தூக்கம் கெடவில்லை, செய்தவன் செத்துக்கொண்டிருக்கிறான். நாவலின் கடைசியில் சமாதானக் குழுவின் பேருந்தில் ஏறிக்கொண்டு ஒற்றுமைக் கோஷம் போடுகிறவனும் இதே முராத் அலிதான். வங்கியில் தினமும் நோட்டு எண்ணுகிறவன் நான். எந்த நோட்டிலும் அது எந்தக் கையிலிருந்து வந்தது என்று எழுதியிருப்பதில்லை. கொடுத்தவன் கை மறைந்துவிடும், வாங்கினவன் கை மட்டும் மாட்டிக்கொள்ளும். கலவரத்தின் பொருளாதாரமே இதுதான். நம் ஊர்க் கலவரங்களில் வழக்கில் மாட்டுகிறவர் யார், மேடையில் சமாதானம் பேசுகிறவர் யார் என்று பாருங்கள்.

இன்னொரு காட்சியை இதோடு சேர்த்து வைக்க வேண்டும். ரண்வீர் என்று ஒரு மேல்சாதி இந்துப் பையன். அவனை வீரனாக்குவதற்காக ஒரு கோழியைக் கொல்லச் சொல்கிறார்கள். அவனும் தடுமாறுகிறான், வாந்தி வருகிறது. ஆனால் கொன்று முடித்ததும் அவனுக்குப் பாராட்டு, அமைப்பில் இடம். அவன் கொன்றால் தீட்சை, நத்து கொன்றால் பாவம். கொலை ஒன்றுதான், சாதிக்குத் தகுந்தபடி அதன் பெயர் மாறுகிறது. தலித் பார்வையில் இந்தத் தொடரின் மையம் இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவில் இருக்கிறது.

இப்போது 1988க்குப் போவோம். அன்று பார்த்தவர்கள் எதைப் பார்த்தார்கள்?

தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குப் போனார். இடைக்காலத் தடை கிடைத்தது. நீதிபதிகள் லெண்டின், சுஜாதா மனோகர் இருவரும் முழுத் தொடரையும் பார்த்துவிட்டுத் தடையை நீக்கினார்கள். எழுத்தறிவு இல்லாதவர் என்றால் சுயபுத்தி இல்லாதவர் என்று ஆகிவிடாது என்ற பொருளில் அவர்கள் சொன்னது முக்கியமானது. அடுத்து விவகாரம் உச்சநீதிமன்றம் போனது. 1988 பிப்ரவரி 16 அன்று நீதிபதிகள் சப்யசாச்சி முகர்ஜி, ரங்கநாதன் அமர்வு மனுவைத் தள்ளுபடி செய்தது. பலவீனமான மனம் கொண்டவரை அளவுகோலாக வைக்கக் கூடாது, நிதானமுள்ள சராசரி மனிதரை வைத்தே அளக்க வேண்டும் என்றது. வெளியே இந்து அமைப்புகள் ஆர்ப்பாட்டம் செய்தன. நிஹலானிக்குப் போலீஸ் பாதுகாப்பு கொடுக்க வேண்டியதாயிற்று. பிறகு அதே படத்துக்குத் தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கீஸ் தத் விருதும் கிடைத்தது.

இந்த மொத்தச் சண்டையிலும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: இது இந்துவை இழிவுபடுத்துகிறதா, முஸ்லிமை இழிவுபடுத்துகிறதா, சீக்கியரை இழிவுபடுத்துகிறதா? எதிர்த்தவர்களும் அதையே கேட்டார்கள், ஆதரித்தவர்களும் அதற்கே பதில் சொன்னார்கள். கதை தொடங்குவதே ஒரு தலித்தின் கையில். அவன் முதுகில் தாயைச் சுமந்து, கர்ப்பிணி மனைவி கர்மோவைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக ஓடுகிறான். வழியிலேயே தாய் சாகிறாள், கடைசியில் அவனும் சாகிறான். கலவரத்தைப் பற்றி அவ்வளவு பேசியவர்கள் அவனுடைய சாதியை ஒரு கேள்வியாக எடுக்கவில்லை. ஓம் பூரி நடிப்பு பிரமாதம் என்று மட்டும் சொன்னார்கள். நடிகனைப் பார்த்த கண் சமாரைப் பார்க்கவில்லை.

அதே காலத்தில் அதே தூர்தர்ஷனில் ‘ராமாயணம்’ ஓடியது. 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை, ஞாயிறு காலைகளில். அது மட்டும் வேகமான தொடரா? ஒரு அம்பு கிளம்பிப் போய்ச் சேர்வதற்குள் நாம் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். யாரும் இழுவை என்று சொல்லவில்லை. குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள், பெட்டிக்கு மாலை போட்டார்கள். சாமி மெதுவாக நடந்தால் பக்தி, சமார் மெதுவாக நடந்தால் போர். ஆக, மெதுவு என்பது படத்தில் மட்டும் இருப்பதல்ல, பார்க்கிறவன் உட்கார்ந்திருக்கிற இடத்திலும் இருக்கிறது.

அந்த ராமாயணத்தை ஒட்டி நடந்த இன்னொரு செய்தியை நாம் மறக்கக் கூடாது. தொடர் முடியப்போகிறது, வால்மீகி ஆசிரமக் கதை வராது என்று தெரிந்ததும் ஜலந்தரிலும் வடக்கே வேறு சில நகரங்களிலும் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வால்மீகியைத் தங்கள் மூதாதையாகக் கொண்டாடும் சமூகம் அது. பிறகு உத்தரகாண்டக் கதையும் ஒளிபரப்பானது. இதை நம்மில் சிலர் ‘இந்துத்துவத்துக்குள் போய் விழுந்த கதை’ என்று ஒதுக்கிவிடுகிறோம். ஒதுக்க வேண்டாம். நகரத்தின் நாற்றத்தைத் தங்கள் கையில் வைத்திருப்பவர்கள், தொலைக்காட்சியில் தங்கள் முகம் தெரிய வேண்டும் என்று அந்த உழைப்பையே ஆயுதமாக எடுத்தார்கள். அவர்கள் கேட்ட முகம் யாருடையது என்பதில் நமக்கு விமர்சனம் உண்டு. கேட்ட முறையில் கற்றுக்கொள்ள இருக்கிறது.

தலைப்புக்கு வருகிறேன். தமஸ் என்றால் இருட்டு. அந்தச் சொல்லிலிருந்துதான் நம் பேச்சில் ‘தாமசம்’ வந்தது. ‘ஏண்டா இவ்வளவு தாமசம்’ என்று கேட்கிறோமே, அதுதான். நேற்று டீக்கடையில் நீங்கள் சொன்ன இரண்டு குறையும், இருட்டும் இழுவையும், ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. சாத்திரக்காரன் குணத்தை மூன்றாகப் பிரித்தான். வெளுப்பான சத்துவம் பார்ப்பனருக்கு, கறுப்பான தமஸ் சூத்திரருக்கு. நம்மை அந்தக் கணக்கில்கூடச் சேர்க்கவில்லை. சோம்பல், மந்தம், அறியாமை எல்லாம் கீழே இருக்கிறவனின் குணம் என்று எழுதி வைத்தான். உண்மையில் நத்து ராத்திரி பூரா வேலை செய்கிறான். தூங்குவது மேலே இருப்பவன். தமஸ் அந்தக் கொட்டடியில் இல்லை. அது முராத் அலியிடமும், கலவரம் வரும் என்று தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்கார அதிகாரியிடமும் இருக்கிறது.

இனி இயக்கத் தோழரின் கேள்வி. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நத்துவுக்கு ஒரு சேரி இல்லை, ஒரு சங்கம் இல்லை, ஒரு தலைவர் பெயர்கூட அவன் வாயில் வரவில்லை. ஆனால் அன்றைய பஞ்சாப் அப்படியா இருந்தது? மங்கு ராம் முன்னின்று நடத்திய ஆத் தர்ம இயக்கம் 1920களிலேயே அங்கே எழுந்துவிட்டது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ‘நாங்கள் இந்து இல்லை, ஆத் தர்மி’ என்று பதிந்தார்கள். அதில் பெரும்பகுதி சமார்கள். 1942இல் அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு வந்துவிட்டது. இந்த அரசியல் நாவலிலும் இல்லை, தொடரிலும் இல்லை. முற்போக்கு எழுத்தாளனின் அனுதாபம் நத்துவுக்குக் கண்ணீர் கொடுத்தது, வாய் கொடுக்கவில்லை. குற்ற உணர்வை மட்டும் அவன் தலையில் நிறைய ஏற்றி வைத்தது. அந்தக் குற்ற உணர்வு அவனுடையது அல்ல.

பிரிவினை வரலாறே நம்மை இப்படித்தான் நடத்தியது. 1947 டிசம்பரில் அம்பேத்கர் நேருவுக்கு எழுதிய கடிதத்தைத் தேடிப் படியுங்கள். பாகிஸ்தானிலிருந்து தீண்டப்படாதவர்களை வெளியேற விடாமல் தடுக்கிறார்கள், கக்கூஸ் கழுவவும் தெருக் கூட்டவும் ஆள் வேண்டும் என்பதற்காக அத்தியாவசியப் பணி என்று நிறுத்தி வைக்கிறார்கள் என்று அவர் முறையிடுகிறார். இந்துவுக்கு ஒரு நாடு, முஸ்லிமுக்கு ஒரு நாடு. நமக்கு ‘அத்தியாவசியப் பணி’. நத்துவிடம் முராத் அலி வந்து நின்றதும் அந்தக் கணக்கில்தான்.

ஆனால் நத்து அதோடு முடிந்துவிடவில்லை. 2002 அக்டோபர் 15, அரியானா ஜஜ்ஜர் பக்கம் துலீனா. மாட்டுத் தோல் விவகாரத்தில் ஐந்து தலித்துகளை போலீஸ் சாவடி அருகே அடித்தே கொன்றார்கள். 2016 ஜூலை 11, குஜராத் ஊனா பக்கம். செத்த மாட்டின் தோலை உரித்த தலித்துகளை அரை நிர்வாணமாகக் கட்டி வைத்து அடித்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். சுரேந்திரநகர் கலெக்டர் அலுவலகத்துக்கு முன்னால் செத்த மாடுகளைக் கொண்டுவந்து போட்டார்கள் நம் மக்கள். இனி நீங்களே தூக்குங்கள் என்றார்கள். ஐந்து ரூபாய் நோட்டைத் திருப்பிக் கொடுத்த நத்து அவர்கள். அந்தக் காட்சி ‘தமஸ்’ தொடரில் இல்லை. நாம்தான் எழுத வேண்டும், எடுக்க வேண்டும்.

அதனால் என் யோசனை இது. இந்தத் தொடரை நம் சேரிகளில் போட்டுக் காட்டுவோம். ஐந்து மணி நேரமும் வேண்டாம், முதல் காட்சியையும் ரண்வீர் காட்சியையும் அடுத்தடுத்துப் போட்டாலே போதும். பார்த்த பிறகு நாம் விளக்கம் சொல்லக் கூடாது. பெரியவர்களைப் பேசச் சொல்வோம். தப்படிக்க மாட்டேன், மாடு தூக்க மாட்டேன் என்று முதலில் மறுத்தது யார், அவருக்கு என்ன நடந்தது என்று கேட்போம். சொல்வதை எழுதி வைப்போம். கடைசியில் நத்துவின் பிணத்துக்குப் பக்கத்தில் கர்மோவுக்குக் குழந்தை பிறக்கிறது. வெளியே இரண்டு மதக் கோஷமும் கேட்கிறது. அந்தக் குழந்தை உயிரோடு இருந்தால் இன்றைக்கு எண்பது வயதை நெருங்கியிருக்கும். அந்த வயதுக்காரர்கள் நம் தெருவில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் போவதற்குள் கேட்டாக வேண்டும்.

என் பேச்சு இவ்வளவுதான். மறுக்க வேண்டியதை எழுந்து மறுத்துப் பேசுங்கள்.